திரித் தொட்டியில் ஆப்பிரிக்க வயலட்: வாங்கலாமா?

ஆன்லைனில் 'செல்ஃப் வாட்டரிங் பாட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்கிற தொட்டி இதுதான். வெள்ளைப் பிளாஸ்டிக். செடி வைக்க உள்ளே ஒரு கிண்ணம், தண்ணீர் நிற்க வெளியே ஒரு கிண்ணம், இரண்டுக்கும் நடுவே ஒரு பருத்தித் திரி. தண்ணீர் ஊற்றுவதற்குப் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாய். ஒரே அச்சில் வார்த்ததை ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள், அதனால் கம்பெனி பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வாங்கியது நான்கு அங்குல அளவு, செட்டாக. ஒரு தொட்டி 100 ரூபாய்க்குள் அடங்கியது. மணிபிளான்ட் எதில் வைத்தாலும் வளரும், அதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வீட்டுக்குள் வளர்க்கிற சின்னப் பூச்செடியான ஆப்பிரிக்க வயலட்டுக்கு இது சரிப்படுமா என்பதுதான் கேள்வி.

சரிப்படும். தாராளமாக வாங்கலாம். ஆனால் கூட வருகிற திரியை எடுத்துப் போட்டுவிடுங்கள், நர்சரி மண்ணையும் உதறிவிடுங்கள். அந்த இரண்டையும் மாற்றாமல் வைத்துவிட்டு "செடி அழுகிவிட்டது, தொட்டி மோசம்" என்று ஒரு ஸ்டார் போட்டிருக்கிற பலரின் விமர்சனங்களைப் படித்தேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தச் செடியின் சொந்த ஊர் தான்சானியாவின் வடகிழக்கில் இருக்கிற ஊசம்பரா மலைகளும் அதை ஒட்டிய கென்யப் பகுதியும். அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த அந்தப் பக்கத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இல்லேர் இதை ஜெர்மனிக்கு அனுப்ப, ஹனோவரின் ஹெரன்ஹாஸன் தோட்டத்துத் தாவரவியலாளர் ஹெர்மன் வெண்ட்லாண்ட் 1893இல் பெயர் சூட்டினார். காட்டில் இது வளர்வது மர நிழலில், பாசி படிந்த பாறை இடுக்குகளில். வேருக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி மக்கு, அதுவும் காற்றோட்டமான மக்கு. பாறையில் கசிகிற ஈரம் எப்போதும் கொஞ்சம் இருக்கும், தேங்கி நிற்காது. இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் செய்ய வேண்டியது தானாகப் புரிந்துவிடும். மேலே குருத்து நனையக் கூடாது, கீழே வேர் காயவும் கூடாது ஊறவும் கூடாது. நாமாக டம்ளரில் ஊற்றும்போது ஒரு நாள் காய்கிறது, மறுநாள் முங்குகிறது. திரி வழியாக ஏறும் ஈரம் ஒரே அளவில் இருக்கிறது. வேறு எந்தச் செடியையும்விட இந்தச் செடிக்கு இந்தத் தொட்டி பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இலை நனைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலட் இலையில் மஞ்சளும் வெளுப்புமாக வளையம் வளையமாகக் கறை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். இலையின் சூட்டைவிட நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் செல்கள் சிதைந்து அந்தக் கறை வருகிறது. மார்கழியில் விடியற்காலை மேல்தொட்டித் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றினால் போதும், அந்த இலை உதிரும்வரை கறை போகாது. பக்கவாட்டு வாயில் ஊற்றுகிற தொட்டியில் இந்தத் தொல்லையே இல்லை. எங்கள் வீட்டுச் செடிகளின் இலைகள் எல்லாம் வெல்வெட்டுத் துணிபோல் ஒரே பச்சையாக இருக்கின்றன.

இனி திரிக்கு வருவோம். கூட வருவது முறுக்கிய பருத்திக் கயிறு. முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் உறிஞ்சும். அப்புறம் உள் கிண்ணத்தைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீரில் தொங்கும் பகுதி சாம்பல் நிறமாகி, தொட்டால் வழுவழுவென்று விரலில் ஒட்டும், குளத்துச் சேறு மாதிரி வாடை வரும். மண்ணுக்குள் இருக்கும் பகுதி மக்கி, இழுத்தால் துண்டாகக் கையோடு வந்துவிடும். பருத்தி மக்கத்தானே செய்யும். திரி மக்கினால் தண்ணீர் ஏறாது, செடி வாடும். வாடுவதைப் பார்த்து நாம் மேலே ஊற்றுவோம், குருத்து அழுகும். இத்தனைக்கும் காரணம் ஒரு ரூபாய்கூடப் பெறாத கயிறு.

அதற்குப் பதில் அக்ரிலிக் நூல் போடுங்கள். ஸ்வெட்டர் பின்னவும் தோரணம் பின்னவும் வாங்குவோமே, அதே நூல். கோவையில் டவுன்ஹால், ஒப்பணக்கார வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும். ஒரு உருண்டை வாங்கினால் தெருவுக்கே திரி போடலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் 'உல்லன்' என்றுதான் கொடுப்பார், ஆகவே வீட்டுக்கு வந்து ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். தலைமுடி கருகும் நாற்றம் வந்தால் நிஜக் கம்பளி, பொசுங்கிச் சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி, இரண்டும் வேண்டாம். நான்கு அங்குலத் தொட்டிக்கு ஒரே ஒரு இழை போதும். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் செடி நடும் கலவை சொதசொதவென்று இருக்கும். இழையை முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உள் கிண்ணத்தின் பாதி உயரம்வரை நிற்கிற மாதிரி வைத்து, மீதியைக் கீழ்த் துளை வழியாகத் தொங்கவிட வேண்டும்.

அடுத்தது கலவை. மலைப் பக்கத்து நர்சரியிலிருந்து வரும் வயலட் பெரும்பாலும் செம்மண்ணும் எருவும் கலந்து, கறுப்புக் கவரில் இருக்கும். அந்த மண்ணோடு திரித் தொட்டியில் வைத்தால் மண் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் களிமண்ணாகிவிடும், வேருக்கு மூச்சு விட இடமிருக்காது. வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் எல்லாம் பீட் மாஸ், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி, என்பார்கள். நமக்கு அது எதற்கு, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த்தூள் கட்டி கட்டியாக அழுத்தி உலகத்துக்கே ஏற்றுமதி ஆகிறது. கோகோபீட் கட்டி ஒன்றை வாளியில் ஊறவைத்தால் பொங்கி வரும். ஆனால் நார்த்தூளில் உப்பு இருக்கும், கழுவாமல் போடக் கூடாது. துணியில் கட்டி, தேநீர் நிறத்தில் வடிகிற தண்ணீர் தெளியும்வரை அலசிப் பிழிய வேண்டும். இந்த வேலையில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, கூட ஒரு பிடி வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் பொரிந்த கனிமத் துகள்). மண்புழு உரம், சாணி எரு எதுவும் வேண்டாம். கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் பெர்லைட் இன்னும் போடுங்கள். பெர்லைட் விலை கூடத்தான், தூசியும் பறக்கும், ஆகவே லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கலக்குங்கள். ஆனால் திரித் தொட்டியில் பெர்லைட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்க முடியாது.

நட்டதும் முதல் முறை மேலிருந்து, குருத்தில் படாமல், கலவை முழுக்க நனையும்வரை ஊற்றி வடியவிட்ட பிறகுதான் கீழ்க் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்ப வேண்டும். காய்ந்த கலவையில் திரி தானாக வேலையை ஆரம்பிக்காது. ஊருக்குப் போய்விட்டு வரும்போது கீழே தண்ணீர் தீர்ந்து கலவை உலர்ந்துபோயிருந்தாலும் இதே கதைதான், ஒரு முறை மேலே ஊற்றித் தொடங்கிவைக்க வேண்டும்.

கீழே என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். திரித் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது, ஆவியாகிறது, உப்பு மட்டும் கலவையின் மேல்பரப்பில் தங்கிப்போகிறது. எங்கள் வீட்டில் போர்த் தண்ணீரும் உண்டு, குழாயில் வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரும் உண்டு. போர்த் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் கலவையின் மேலே வெள்ளைப் பொருக்கு படிந்தது, நடுக் குருத்து இலைகள் சிறுத்து, இறுகி, துருப்பிடித்த நிறத்தில் வந்தன. சிறுவாணியில் வைத்ததில் அந்தப் பிரச்சினை இல்லை. சிறுவாணி வராத வீதிக்காரர்கள் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றலாம். எந்தத் தண்ணீராக இருந்தாலும் மாதம் ஒரு தடவை உள் கிண்ணத்தைத் தனியே எடுத்து, அறைச் சூட்டில் இருக்கும் வெறும் தண்ணீரை மேலிருந்து நிறைய ஊற்றி வடித்துவிட வேண்டும். தங்கிய உப்பு அதோடு போய்விடும்.

மண் தொட்டியை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணமும் இந்த உப்புதான். மண் தொட்டியின் விளிம்பில் உப்பு பூக்கும், அதன்மேல் சாய்ந்திருக்கும் இலைக்காம்பு அந்த இடத்தில் கறுத்து அழுகும். பிளாஸ்டிக்கில் அது குறைவு. ஆனால் இந்தத் தொட்டியின் உள் கிண்ணத்து விளிம்பு கூராக இருக்கிறது. அச்சில் வார்த்தபின் மிஞ்சிய பிசிறைச் சரியாகத் தேய்க்கவில்லை. விரலை ஓட்டினால் தெரியும். வயலட்டின் காம்பு சாறு நிறைந்த மெத்தென்ற காம்பு, இலையின் கனத்தில் அந்த விளிம்பில் அழுந்தி அறுபடும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. 100 ரூபாய்த் தொட்டிதான், ஆனாலும் செய்கிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

உரம் கீழ்த் தண்ணீரிலேயே கலந்துவிடலாம், மிகவும் நீர்க்க. ஒரு லிட்டருக்குக் கால் கிராம் தாண்டக் கூடாது. கடையில் சுலபமாகக் கிடைப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19. பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள், அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கும். வயலட் வளர்க்கிறவர்கள் யூரியாவைத் தவிர்ப்பார்கள், அதன் வேர் தாங்காது என்பதால். யூரியா இல்லாத கலவை கிடைத்தால் அதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இதையே இன்னும் குறைத்துப் போடுங்கள்.

நம் ஊரில் இந்தத் தொட்டியின் மிகப் பெரிய குறை வேறு. அந்தப் பக்கவாட்டு வாய் திறந்தே இருக்கிறது. உள்ளே நல்ல தண்ணீர், நிழல், அசைவே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிற பெண் ஒருவர் ஃபிரிட்ஜின் பின்தட்டைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்தார். "அக்கா, இதுக்குள்ள தண்ணி நிக்குதுங்களா?" என்று கேட்டு, டார்ச்சை அந்த வாயில் அடித்துப் பார்த்தார். புழு இல்லை. "வாரம் ஒருக்கா கொட்டிக் கழுவிருங்க, மேல வலை போட்டுக்குங்க" என்றார். சரியான யோசனை. கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். கொசுவலையில் சின்னத் துண்டு வெட்டி அந்த வாயில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டேன், தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும். வாரம் ஒரு நாள் கீழ்க் கிண்ணத்தைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். 'ஒரு மாதம் கவலை இல்லை' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி யாரும் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டாம்.

கீழ்க் கிண்ணம் வெள்ளையாகவும் கிடைக்கிறது, கண்ணாடி மாதிரியும் கிடைக்கிறது. கண்ணாடி மாதிரி இருப்பதில் தண்ணீர் மட்டம் தெரியும், ஆனால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். வெள்ளையே வாங்குங்கள். தூக்கிப் பார்த்தால் கனத்தை வைத்தே தண்ணீர் இருக்கிறதா என்று பழகிவிடும்.

எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விற்கிறவர்கள் எங்கும் சொல்வதில்லை. உள் கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, திரி மட்டும்தான் தொட வேண்டும். இந்தத் தொட்டியில் மிஞ்சினால் வழிவதற்குத் துளை கிடையாது, ஆகவே பாதிக்கு மேல் ஊற்றினால் அடி நனைந்துவிடும். பாதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் எப்படி என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். வயலட்டுக்குப் பிடித்த சூடு 18 முதல் 27 டிகிரிவரை. கோவையில் ஆடியிலிருந்து தைவரை அது சொன்னபடி கேட்கும், பூத்துக் கொட்டும். சித்திரையில் 36, 37 டிகிரி அடிக்கும்போது மொட்டு கருகும், புது இலை சிறுக்கும், வேர் தண்ணீரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரித் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நின்றால் ஆபத்து. வெதுவெதுப்பான ஈரமும் காற்றில்லாத வேரும் சேர்ந்தால் அழுகல்தான். கோடை முழுக்கக் கீழ்க் கிண்ணம் காலியானபின் ஓரிரு நாள் விட்டு, அதன்பிறகே நிரப்புகிறேன். உரமும் நிறுத்திவிடுகிறேன். மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே குளுமையான அறைக்கு மாற்றிவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும், பூவுக்கு மழைக்காலம்வரை பொறுக்க வேண்டும். சென்னைக்காரர்கள் இந்த ஜாக்கிரதையை இன்னும் நீண்ட நாளைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளிச்சம் இல்லாமல் பூ வராது, அதைத் தொட்டியின் மேல் பழியாகப் போடக் கூடாது. கிழக்கு அல்லது வடக்கு ஜன்னல் போதும். ஜன்னல் வசதி இல்லாவிட்டால் சாதாரண 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட்டை இலைக்கு ஒரு அடி மேலே கட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள். காம்புகள் நீண்டு இலைகள் கையைத் தூக்கி நின்றால் வெளிச்சம் போதவில்லை. இலைகள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக் கீழே மடங்கினால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது.

இந்தத் தொட்டிக்கு மாறிய பிறகு நான் கண்ட பெரிய வித்தியாசம் இலை வரிசைதான். வயலட்டில் பூங்காம்பு இலைக்கணுவிலிருந்து வரும். ஈரம் ஏறி இறங்கினால் வளர்ச்சி தடைப்படும், ஒரு வரிசை பெரிய இலை, அடுத்த வரிசை சின்ன இலை என்று கோணலாக இருக்கும். ஈரம் சீராக இருக்கும்போது சக்கரம் மாதிரி சுற்றிலும் ஒரே அளவில் இலை வந்தது, ஒவ்வொரு கணுவிலிருந்தும் ரோமம் போர்த்திய குட்டி மொட்டுக் கொத்து தலையைக் குனிந்தபடி வெளியே எட்டிப் பார்த்தது. எதிர் வீட்டுப் பெண் வந்து, "நெசப் பூவுங்களா அக்கா?" என்று தொட்டுப் பார்த்தார். ஊதா இரட்டை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தப் பை. சுற்றிலும் ஒரே நேரத்தில் பூத்து நிற்கும்போது யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

காசு கொடுத்து வாங்க மனமில்லையா? ஹோட்டலில் சாம்பாரோ குழம்போ பார்சல் வரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, மூடியில் திரி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, மேலே சாதாரண நாற்றுத் தொட்டியை வைத்தால் இதே வேலை நடக்கும். மூடி இருப்பதால் கொசுவும் போகாது. வயலட் வளர்க்கும் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். செடிக்கு வித்தியாசம் தெரியாது. வரவேற்பறையில் வைக்க லட்சணமாக இருக்க வேண்டும், பேரன் பேத்தி தட்டினால் கவிழாமல் இருக்க வேண்டும் என்றால் காசு கொடுத்து இந்தத் தொட்டியை வாங்குங்கள். அகலமான அடி, உள் கிண்ணம் வெளிக் கிண்ணத்தில் கச்சிதமாக உட்காருகிறது, அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

பீங்கானில் இரட்டைத் தொட்டி ஒன்று 'ஆப்பிரிக்க வயலட் பாட்' என்றே விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கம் மினுமினுப்பு, உள் தொட்டியின் அடிப்பாகம் மெருகு பூசாத மண், அதன் சுவர் வழியாகவே ஈரம் ஏறும். அழகுதான். ஆனால் ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் எதுவும் இல்லை. திரியாக இருந்தால் இழையை மாற்றலாம், கோடையில் உருவியே எடுத்துவிடலாம். அந்த விலைக்கு நான்கைந்து திரித் தொட்டி வரும்.

வாங்கும்போது அளவில் மட்டும் கவனம். ஆறு அங்குலத் தொட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விலையும் கொஞ்சம்தான் கூட. ஆனால் வயலட்டின் வேர் சின்னது, மேலோட்டமானது. இலைப் பரப்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குதான் தொட்டி இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு அடி விரிந்த செடிக்கே நான்கு அங்குலம் போதும். மினியேச்சர் வகை முழுதாக வளர்ந்தாலும் ஆறு அங்குலத்துக்கு மேல் விரியாது, அதற்கு இரண்டு அங்குலத் தொட்டி வேண்டும். அந்த அளவில் இந்தத் தொட்டியை நான் எங்கும் பார்க்கவில்லை, மினிக்குப் பார்சல் டப்பாவே நல்லது. இலை வைத்து முளைத்த குட்டிகளையும் நேரே இதில் நடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கப்பில் வளரட்டும், ரூபாய் நாணயம் அகலத்துக்கு இலை வந்து, கப்பைக் கவிழ்த்தால் வேர் கலவையைப் பிடித்துக்கொண்டு கட்டியாக வெளியே வருகிறபோது மாற்றலாம்.